இசட்எஃப்எஸ் ஸ்லாக்: எந்த எஸ்எஸ்டியை வாங்குவது?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் கடைகளும் அலுவலகங்களும் இப்போது நிறைய. ஒரு கம்ப்யூட்டரில் நான்கைந்து ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு, ட்ரூநாஸ், புராக்ஸ்மாக்ஸ் மாதிரி சர்வர் இயங்குதளம் ஒன்றை ஏற்றி, அதில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை வைத்து நிர்வகிக்கும் மென்பொருளை, ஓட்டுகிறார்கள். நல்ல தேர்வுதான். 2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தொடங்கி, 2005-ல் திறந்த மூல நிரலாக வெளிவந்த முறைமை இது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்து, படிக்கும்போது சரிபார்த்துத்தான் தரும். ஆனால் கொஞ்ச காலம் ஓட்டிய பிறகு பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எழுதுறது மெதுவா இருக்கு. ஒரு எஸ்எஸ்டி வாங்கி ஸ்லாக் போட்டா வேகமாயிடுமா?"

ஸ்லாக் என்பது, இசட்எஃப்எஸ் எழுதும் ஒருவகைக் குறிப்பை வைப்பதற்காகத் தனியாகச் சேர்க்கும் சாதனம், பெரும்பாலும் ஓர் எஸ்எஸ்டி (சுற்றும் பாகம் இல்லாத ஃபிளாஷ் டிஸ்க்). அதனால் வேகமாகுமா என்றால், சிலருக்கு ஆகும். பலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் இந்த வேலைக்குப் பொருந்தாத எஸ்எஸ்டியை வாங்கிவிடுவது சகஜம். காரணம், பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் கொள்ளளவும் வேகமும் ஸ்லாக்குக்கு ஏறக்குறைய உதவாத எண்கள். உதவும் எண்களும் குணங்களும் வேறு. அவை எவை, ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எழுத்தில் இரண்டு வகை

ஒரு நிரல் எதையாவது எழுதச் சொன்னால், இசட்எஃப்எஸ் அதை உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. முதலில் ரேமில் சேர்த்து வைக்கும். சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை, சேர்ந்ததையெல்லாம் ஒரு தொகுப்பாகக் கட்டி, வரிசைப்படுத்தி, டிஸ்க்குகளில் இறக்கும். எழுதும் தலைமுனை அங்குமிங்கும் ஓடாமல் ஒரே ஓட்டத்தில் எழுத முடிவதால் ஹார்ட் டிஸ்க்குக்கு இது ரொம்ப வசதி.

அந்த 5 விநாடிக்குள் கரண்ட் போனால் என்ன ஆகும்? ரேமில் இருந்தது போய்விடும். கோப்பு முறைமை உடையாது. பழைய துண்டின் மேலேயே எழுதாமல் வேறு இடத்தில் எழுதி, கடைசியில் சுட்டியை மாற்றுவதுதான் இசட்எஃப்எஸ்ஸின் வழி. அதனால் முந்தைய தொகுப்பு முடிந்த நிலைக்கு அது ஒழுங்காகத் திரும்பிவிடும். கடைசிச் சில விநாடிகளின் வேலை மட்டும் இல்லாமல் போகும். கல்யாண வீடியோவை சர்வருக்கு நகலெடுக்கும் ஸ்டூடியோவுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கேமரா கார்டில் மூலம் இருக்கிறது, இன்னொரு முறை நகலெடுத்துக்கொள்ளலாம். இந்த வகையை ஒத்திசைவற்ற எழுத்து, சுருக்கமாக அசிங்க் என்பார்கள்.

எல்லா வேலையும் அப்படி இல்லை. ஓர் அரவை மில்லின் எடைமேடையை நினைத்துப் பாருங்கள். தை மாசியில் சம்பா அறுவடை, வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு லாரி ஏறுகிறது, எடை டேட்டாபேஸில் பதிவாகிறது, பதிவாகிவிட்டது என்று சர்வர் சொன்ன பிறகு சீட்டு அச்சாகி டிரைவர் கைக்குப் போகிறது. அடுத்த நொடி கரண்ட் போகிறது. சீட்டு டிரைவரிடம் இருக்கிறது, சர்வரில் அந்த எடை இல்லை என்றால் சண்டைதான் வரும். அதனால் டேட்டாபேஸ், "இதை நிரந்தர சேமிப்பில் வைத்த பிறகு எனக்குப் பதில் சொல், அதுவரை நான் காத்திருக்கிறேன்" என்று கோப்பு முறைமையிடம் கேட்கும். இதுதான் ஒத்திசைவான எழுத்து, அதாவது சிங்க். போஸ்ட்கிரெஸ், மையெஸ்கியூஎல் இரண்டும் இயல்பாகவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இப்படிக் கேட்பவை. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை வழியாக விஎம்வேர் மென்பொருளில் மெய்நிகர் கணினிகளை ஓட்டினால், அது அனுப்பும் எழுத்து எல்லாமே சிங்க்தான்.

ஜில், ஸ்லாக்

5 விநாடிக்கு ஒருமுறைதான் டிஸ்க்கில் இறக்குவேன் என்று இருந்துகொண்டு, சிங்க் கேட்கிறவருக்கு எப்படி உடனே பதில் சொல்வது? அதற்காக இசட்எஃப்எஸ் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. வந்ததை ரேமில் சேர்ப்பதோடு, அதையே இந்தக் குறிப்பிலும் எழுதிவிட்டுப் பதில் சொல்லிவிடும். குறிப்பின் பெயர் ஜில். எந்த இசட்எஃப்எஸ் பூலை, அதாவது ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்துக் கட்டிய டிஸ்க்குகளின் தொகுதியை, எடுத்தாலும் ஜில் உண்டு. தனியாக எதுவும் செய்யாவிட்டால், அதே ஹார்ட் டிஸ்க்குகளில் ஓர் இடத்தில் இருக்கும். அதைத் தனியாக ஒரு சாதனத்துக்கு மாற்றினால், அந்தச் சாதனம்தான் ஸ்லாக்.

மண்டியில் கணக்குப்பிள்ளை வியாபார நேரத்தில் சிட்டையில் கிறுக்கி வைத்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு. கணக்குப்பிள்ளை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார். இசட்எஃப்எஸ் அப்படிச் செய்வதில்லை. ரேமில் இருப்பதைத்தான் டிஸ்க்கில் இறக்கும். ஸ்லாக்கில் எழுதியதை அது திரும்பிப் பார்ப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: சர்வர் திடீரென்று விழுந்து, மறுபடி எழுந்து பூலைத் திறக்கும்போது. மற்ற நாள் முழுக்க ஸ்லாக்கில் எழுத்து மட்டுமே நடக்கும், படிப்பு நடக்காது.

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்லாக் என்பது எழுத்துக்கான கேஷ், அதாவது வேகமான இடைத் தங்குமிடம், இல்லை. முதலில் வேகமான எஸ்எஸ்டியில் போய்த் தங்கி, அப்புறம் நிதானமாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் எவ்வளவு வேகத்தில் இறக்க முடியுமோ அதற்கு மேல் தொடர்ந்து எழுத ஸ்லாக் உதவாது. அசிங்க் எழுத்து ஸ்லாக் பக்கமே போகாது. விண்டோஸிலிருந்து பகிர்ந்த ஃபோல்டருக்கு நகலெடுப்பது பெரும்பாலும் அசிங்க்தான். ஆக ஸ்டூடியோக்காரர் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்லாக் போட்டாலும் அவருடைய நகல் ஒரு நிமிடம்கூட முன்னதாக முடியாது. அந்தப் பணத்துக்கு ரேமோ, இன்னொரு ஜோடி ஹார்ட் டிஸ்க்கோ வாங்குவது நல்லது.

உங்களுக்குத் தேவையா என்று காசு செலவழிக்காமலே பார்க்கலாம். பூலுக்குள் தனி அமைப்புகளோடு ஒரு பகுதியை, அதாவது ஒரு சோதனை டேட்டாசெட்டை, உருவாக்கி, அதில் மட்டும் சிங்க் அமைப்பை அணைத்துவிட்டு, உங்கள் வழக்கமான வேலையின் நகல் ஒன்றை அங்கே ஓட்டுங்கள். அப்போது இசட்எஃப்எஸ் குறிப்பு எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று சொல்லும். அதாவது உலகத்திலேயே வேகமான ஸ்லாக் இருந்தாலும் கிடைக்கக்கூடிய உச்ச வேகம் அது. முன்னைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஸ்லாக் வாங்க வேண்டாம். நல்ல வித்தியாசம் இருந்தால் மேலே படியுங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். சிங்க்கை அணைத்த நிலையிலேயே எடைமேடையின் டேட்டாபேஸை ஓட்டுவது, பதிவாகாததைப் பதிவானதாகச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பதற்குச் சமம். வேகத்துக்காக அதைச் செய்யச் சொல்லும் ஆலோசனைகளை நான் ஏற்க மாட்டேன்.

எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது

சிங்க் எழுத்தில் நிரல் காத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று முடிந்து பதில் வந்தால்தான் அடுத்ததற்குப் போகும். அதனால் நாம் கவனிக்க வேண்டியது, ஒரு சின்னத் துண்டை எழுதிப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். தலைமுனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், விநாடிக்கு நூறு முறையை ஒட்டித்தான் எழுத முடியும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் இல்லை, அதனால் எல்லா எஸ்எஸ்டியும் மின்னல் வேகம் என்று நினைக்கத் தோன்றும். பெட்டியில் போட்டிருக்கும் விநாடிக்கு 3,500 எம்பி, 5,000 எம்பி என்பதெல்லாம், பெரிய கோப்பை, ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளாக வரிசைகட்டி அனுப்பி அளந்த வேகம். ஸ்லாக்குக்கு வருவது சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றின் முடிவிலும் "உள்ளே இறக்கிவிட்டாயா?" என்று கேட்கும் ஃபிளஷ் கட்டளை. அந்தச் சூழலில் சாதாரண எஸ்எஸ்டியின் வேகம் பெட்டியில் போட்டிருப்பதற்குப் பக்கத்திலேயே வராது.

ஏன்? எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சில்லில் எழுதுவது அப்படி ஒன்றும் வேகமான வேலை இல்லை. ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி ஃபிளாஷில் ஒரு பக்கம் எழுத சில நூறு மைக்ரோ விநாடியிலிருந்து மில்லி விநாடிக் கணக்கு வரை ஆகலாம். இதை மறைக்கத்தான் எஸ்எஸ்டி வந்ததைத் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே சரி என்று சொல்லிவிடுகிறது. ஃபிளஷ் கட்டளை வந்தால் அந்த வசதி போய்விடும். நினைவகத்தில் இருப்பதை நிஜமாகவே ஃபிளாஷில் இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எழுதும் என்று எதிர்பார்த்த இடத்தில் சில நூறு முறை மட்டும் எழுதுவதற்கு இதுதான் காரணம்.

மின்தடைப் பாதுகாப்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சர்வர்களுக்காகச் செய்யப்படும் எஸ்எஸ்டிகள் பலவற்றில், பலகையின் மேல் சின்னச் சின்ன மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) வரிசையாக இருக்கும். கரண்ட் போன அந்த நொடியில், தற்காலிக நினைவகத்தில் மிச்சம் இருப்பதை ஃபிளாஷில் இறக்கி முடிக்கும் அளவுக்கு அவை மின்னூட்டம் வைத்திருக்கும். விவரத்தாளில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன், சுருக்கமாக பிஎல்பி என்று போட்டிருப்பார்கள்.

இதில் இரண்டு லாபம். பாதுகாப்பு ஒன்று. அதைவிடப் பலர் கவனிக்காதது, வேகம். மின்தேக்கி இருப்பதால் நினைவகத்துக்கு வந்ததே நிரந்தரச் சேமிப்புக்கு வந்த மாதிரி. எனவே ஃபிளஷ் கேட்டாலும் காத்திருக்காமல் உடனே பதில் சொல்லலாம், அந்தப் பதில் பொய்யும் இல்லை. சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பில் ஓடும் பிஎல்பி எஸ்எஸ்டி ஒன்று, பல மடங்கு வேகம் என்று விளம்பரம் செய்யும், என்விஎம்இ என்ற புதிய இணைப்பில் ஓடும் பிஎல்பி இல்லாத எஸ்எஸ்டியை ஸ்லாக் வேலையில் தோற்கடிப்பது இதனால்தான்.

பாதுகாப்பில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே செல்லில் பல பிட்டுகள் இருப்பதால், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பக்கமும் எப்போதோ எழுதி முடித்த பக்கமும் அதே செல்களைப் பகிர்ந்துகொள்ளலாம். எழுத்தின் நடுவில் கரண்ட் போனால், புதியது மட்டும் இல்லாமல் பழையதும் கெடக்கூடும்.

டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் சர்வரைப் பொறுத்தவரை நீண்ட மின்தடையில் ஆபத்து குறைவு. அணைந்து கிடக்கும் எஸ்எஸ்டிக்கு எதுவும் ஆகாது. ஆபத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை கரண்ட் வந்து வந்து போகிறதே, அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுத்து நடந்துகொண்டிருக்கும்போதே அறுபடலாம். "இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், அது யுபிஎஸ் நிலையில் இல்லாமல் சாதாரண நிலையில் இருந்தால், மாறும் நேரம் அதிகமாகி, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழும். உடனே போய் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். நல்ல யுபிஎஸ் வைத்திருந்தாலும் பிஎல்பி வேண்டும். பேட்டரி ஒருநாள் தாங்காமல் போகும், சர்வரின் பவர் சப்ளை எரியும், யாராவது தவறான பிளக்கைப் பிடுங்குவார்கள். இதில் எதற்கும் யுபிஎஸ் உதவாது.

தேய்மானமும் கொள்ளளவும்

சிங்க் எழுத்து ஒவ்வொன்றும் ஸ்லாக்கைத் தாண்டித்தான் போகிறது. சராசரியாக விநாடிக்கு 2 எம்பி என்று வைத்துக்கொண்டால்கூட, நாளுக்கு சுமார் 173 ஜிபி, ஆண்டுக்கு 63 டிபி. 150 டிபி எழுத்துக்கு மட்டும் உத்தரவாதம் உள்ள ஒரு சாதாரண 250 ஜிபி எஸ்எஸ்டி இரண்டரை ஆண்டுக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். விவரத்தாளில் டிபிடபிள்யூ என்று போட்டிருப்பது இந்த எண்தான். சிலர் அதையே ஒரு நாளைக்கு முழுக் கொள்ளளவை எத்தனை முறை எழுதலாம் என்று, டிடபிள்யூபிடி என்ற பெயரில் போடுவார்கள்.

கொள்ளளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இறங்காமல் நிற்கும் சில தொகுப்புகளின் எழுத்துக்கு இடம் இருந்தால் போதும். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 125 எம்பிக்கு மேல் வரவே முடியாது. 5 விநாடிக்கு 625 எம்பி, மூன்று தொகுப்புக்கு 2 ஜிபிகூட இல்லை. 10 ஜிகாபிட்டுக்குக் கணக்குப் போட்டால் 19 ஜிபி பக்கம் வரும். ஆனால் ரேமில் இறங்காமல் நிற்கும் எழுத்துக்கு இசட்எஃப்எஸ் தானாகவே வைத்திருக்கும் வரம்பு, ரேமின் பத்தில் ஒரு பங்கு, அதுவும் இயல்பாக 4 ஜிபியைத் தாண்டாது. ஆக 16 ஜிபி தாராளம். 1 டிபி எஸ்எஸ்டியை முழுதாக ஸ்லாக்குக்குக் கொடுத்தாலும் வேகம் அதிகமாகாது. பெரிய எஸ்எஸ்டிதான் கையில் இருக்கிறது என்றால் 16 ஜிபிக்கு மட்டும் ஒரு பார்டிஷன் (தனிப் பிரிவு) போட்டு, மீதியைக் காலியாக விடுங்கள். காலி இடம் அதிகம் இருந்தால் எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பரப்பிக்கொள்ளும். மிச்சம் இருக்கிறதே என்று அதிலேயே, அடிக்கடி படிப்பதை வைத்துக்கொள்ளும் படிப்புக் கேஷையும் போடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யும்.

சரி, எதை வாங்குவது?

இந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி இருந்தது இன்டெல்லின் ஆப்டேன். ஃபிளாஷுக்குப் பதிலாக 3டி எக்ஸ்பாயின்ட் என்ற நினைவகம். பதில் வர சுமார் 10 மைக்ரோ விநாடி, தேய்மானமும் ரொம்பக் குறைவு. 2022 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய சரக்கு இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆப்டேன் பி1600எக்ஸ் 58 ஜிபி, 118 ஜிபி என இரண்டு அளவில் வந்தது, பிஎல்பி உண்டு. 118 ஜிபி வகை 1,292 டிபி எழுத்து வரை தாங்கும். நியாயமான விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆப்டேன் மெமரி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் 16 ஜிபி அட்டைகளும் உண்டு. பதில் சீக்கிரம் வரும், ஆனால் எழுத்து வேகம் விநாடிக்கு 145 எம்பிதான். 1 ஜிகாபிட் நெட்வொர்க்குக்கு அது போதும், அதற்கு மேல் போகிறவர்களுக்குத் தடையாகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்கு இன்டெல் டிசி எஸ்3700. 2012-ல் வந்த சாட்டா எஸ்எஸ்டி, பிஎல்பி உள்ளது, நாளுக்குப் பத்து முறை முழுதாக எழுதினாலும் ஐந்து ஆண்டு தாங்கும் என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்டது. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும் முன், ஸ்மார்ட் அறிக்கையின் (எஸ்எஸ்டி தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கை) படத்தைக் கேட்டு வாங்கி, தேய்மானக் குறியீடு எங்கே நிற்கிறது, மொத்தம் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அறிக்கை தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

புதிதாக வாங்குவதானால் கிங்ஸ்டன் டிசி600எம் மாதிரி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பாருங்கள். 480 ஜிபி வகைக்கு 876 டிபி எழுத்து வரை உத்தரவாதம், பிஎல்பியும் உண்டு. அதே நிறுவனத்தின் டிசி1000பி என்ற என்விஎம்இ வகையிலும் பிஎல்பி இருக்கிறது, ஆனால் அது இயங்குதளத்தை ஏற்றி வைப்பதற்கென்று செய்தது, நாளுக்கு அரை முறை எழுத்துக்குத்தான் உத்தரவாதம். எழுத்து அதிகம் உள்ள டேட்டாபேஸுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையில் பிஎல்பி உள்ள பல எஸ்எஸ்டிகள் மின்தேக்கிக்கு இடம் வேண்டி 110 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரண மதர்போர்டுகள் பலவற்றில் 80 மில்லிமீட்டருக்குத்தான் இடம். அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஒன்று போதுமா, ஜோடியாக வேண்டுமா என்று கேட்பார்கள். ஆரம்ப காலத்தில் ஸ்லாக் போனால் பூலே திறக்காத நிலை இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்லாக் செத்தால், இசட்எஃப்எஸ் குறிப்பை மறுபடி ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும். ரேமில் எல்லாம் பத்திரமாக இருக்கும், வேகம் மட்டும் குறையும். ஸ்லாக்கும் சர்வரும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் இழப்பு. பணம் சம்பந்தப்பட்ட பதிவு என்றால் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒன்றையே எழுதும்படி கண்ணாடிப் பிரதியாகப் போடுங்கள். மற்றபடி நல்லதாக ஒன்று போதும். எப்போது வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம், பூலுக்கு எதுவும் ஆகாது.

உங்கள் பூலில் இருப்பவையே பிஎல்பி உள்ள எஸ்எஸ்டிகள் என்றால் ஸ்லாக் பெரும்பாலும் வீண்.

வாங்கியதும் பூலில் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை. முதலாவது, எஃப்ஐஓ என்ற டிஸ்க் வேகம் அளக்கும் கருவியில் 4 கேபி துண்டு, ஒரு நேரத்தில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஃபிளஷ் என்று அமைத்து ஐந்து பத்து நிமிடம் ஓட்டுங்கள். சில எஸ்எஸ்டிகள் முதல் நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு வாங்கும். அதனால் கடைசி நிமிடத்தின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை அந்த எஸ்எஸ்டியில் உள்ளதை அழித்துவிடும், ஆகவே எந்த டிஸ்க்கின் பெயரைக் கொடுக்கிறீர்கள் என்று இருமுறை பாருங்கள்.

இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கும் சோதனை. வேறு எந்த டிஸ்க்கும் இணைக்காத ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்த எஸ்எஸ்டியைப் போட்டு, வரிசையாக எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஃபிளஷ் முடிந்த பிறகே அந்த எண்ணை நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சின்ன நிரலை ஓட்டுங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி இயக்கி, எஸ்எஸ்டியில் இருக்கும் கடைசி எண்ணையும் மற்ற கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்த கடைசி எண்ணையும் ஒப்பிடுங்கள். எஸ்எஸ்டியில் ஒன்று கூடுதலாக இருக்கலாம், அதில் தவறில்லை. குறைவாக இருந்தால், எழுதாததை எழுதியதாக அந்த எஸ்எஸ்டி சொல்லியிருக்கிறது. ஒரு முறை சரியாக வந்தால் போதாது, பல முறை செய்து பாருங்கள். ஒரே ஒரு முறை குறைந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.